மூடிய ஜன்னலும் மஞ்சள் நகலும்

விமானத்தில் இரவு எப்போது வரும் என்று கேட்டால், சூரியன் மறைந்த பிறகு என்பீர்கள். அப்படியானால் நீங்கள் பதினாறு மணி நேர விமானத்தில் போனதில்லை. அங்கே சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் இரவு வரும். நான் போன விமானத்தில் அது காலை பதினொன்றேகாலுக்கு வந்தது.

"அன்பான பயணிகளே, இப்போது இரவு," என்றது ஒலிபெருக்கி. "ஜன்னல் மறைப்புகளை முழுவதுமாக இறக்கி, இரவுக்கு ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மறைப்பை ஏழு விநாடிகளுக்குக் குறையாமல், சத்தமின்றி இறக்கவும். இனிய கனவுகள்."

கூரை விளக்குகள் வெள்ளையிலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து கத்திரிப்பூ நிறத்துக்கும் மாறின. முன்னூறு பேரும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நல்ல பிள்ளைகளாகக் கண்ணை மூடினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நடு சீட்டு. நடு சீட்டுக்காரனுக்கு ஜன்னலும் கிடையாது, நினைத்தபோது எழுந்து நடக்க வழியும் கிடையாது. அக்கம்பக்கத்தார் கதையைக் கேட்பது ஒன்றுதான் அவனுக்கு விதித்தது.

வலப்பக்கத்து மனிதர் விமானம் கிளம்புவதற்கு முன்பே தூங்கியவர். இரண்டு வேளை சாப்பாட்டையும் தூங்கியே தள்ளிவிட்டார். இடப்பக்கம், ஜன்னலோரம் இருந்தவர் கண்ணாடி வெட்டுகிற தொழில் செய்பவர். பத்து விரல்களிலும் மெல்லிய பழைய வெட்டுக் கோடுகள். கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, அதையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். ஷட்டரை இறக்கச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"என்ன சார், பகல்லயே ராத்திரிங்கறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இங்க அப்படித்தான்," என்றேன். "உங்களுக்கு என்ன அவசரம்?"

சொன்னார். அவரும் தம்பியும் இருபத்திரண்டு வருஷம் ஒரே கடையில் கண்ணாடி வெட்டினார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நடனப் பள்ளிக்கு ஏழடி உயர நிலைக்கண்ணாடி ஒன்று வெட்டினார்கள். சட்டத்தில் வைத்தால் உட்காரவில்லை. இரண்டு நூல் கூடுதல், அதாவது கால் அங்குலம். அண்ணன் அளந்தது தப்பு என்றான் தம்பி. தம்பி வெட்டியது தப்பு என்றார் அண்ணன். பேச்சு வளர்ந்தது, பிறகு பேச்சே நின்றுபோனது. தம்பி அந்தக் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு, கடலுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கும் வானிலை நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"இப்ப அவன் பொண்ணு வீட்டுக்குத்தான் சார் போறேன். புது வீடு வாங்கியிருக்கா. அவதான் நடுவுல நின்னு பேசினா." சீட்டை என் கையில் கொடுத்தார். குண்டு குண்டான எழுத்து. *பெரியப்பா, உங்க விமானம் சரியா 12.10க்கு அப்பாவோட தீவைத் தாண்டும். இடப்பக்கம் பாருங்க. அப்பா பேச மாட்டாராம், மாடியிலேர்ந்து அந்த நிலைக்கண்ணாடியைக் காட்டுவாராம். எத்தனை தடவை மின்னிச்சுன்னு நீங்க சொல்லணுமாம். சரியா சொன்னா பேசுவாராம். தப்பா சொன்னா இந்த ஜென்மத்துல பேச்சு இல்லையாம். சத்தியமா நான் இட்டுக்கட்டலை.*

"இவ்வளவு உயரத்துக்குத் தெரியுமா?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏழடிக் கண்ணாடி சார். நடு மத்தியானம். கண்ணைப் பறிச்சிடும்."

அந்த நேரத்தில் வெளிச்ச மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். நெஞ்சில் குத்தியிருந்த வில்லையில் அப்படித்தான் எழுதியிருந்தது. கழுத்தில் வெளிச்சம் அளக்கும் கருவி தொங்கியது. வரிசை வரிசையாக நின்று அளந்து, மூடிய ஷட்டரின் அடியில் ஒரு சீட்டை ஒட்டி, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டார். பூட்டிய கடைக்கு சீல் வைத்துப் பார்த்திருக்கிறேன். சூரியனுக்கு சீல் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சார், பன்னிரண்டு பத்துக்கு ஒரு நாலு நிமிஷம் இதைத் திறந்துக்கட்டுமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"எதுக்கு?"

"வெளிய பாக்கத்தான்."

மேற்பார்வையாளர் சட்டைப் பையிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார். "மயக்கம் இருக்கு. வாந்தி இருக்கு. மூடின இடத்துல பயம் இருக்கு. இறக்கையில தீப்பிடிச்சிருக்கான்னு சந்தேகம் இருக்கு. 'வெளியே பார்க்க'ன்னு ஒரு காரணமே இல்லையே. ஒன்பது வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"ஜன்னல்னா அதுக்குத்தானே சார்?"

"அது பழைய விளக்கம்," என்றார் அவர் கனிவாக. "'இதர'ங்கற இடத்துல எழுதிக் கொடுங்க. படிவம் ஏழு."

படிவத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. நான் அச்சகத்தில் முப்பது வருஷம் படிவங்கள் அச்சடித்தவன். படிவத்தில் ஒரு கோடு கோணினால்கூட எனக்குப் பொறுக்காது. இதில் எல்லாம் நேராக இருந்தது, கேள்விகளைத் தவிர. *திறக்க விரும்பும் உயரம்: ஒரு விரல் / இரு விரல் / உள்ளங்கை. வெளிச்சம் விழக்கூடிய மடிகளின் எண்ணிக்கை. விண்ணப்பதாரர் இதற்கு முன் ஜன்னல் வழியாகப் பார்த்ததுண்டா? ஆம் எனில், விளைவு என்ன?*

கண்ணாடிக்காரர் தலைக்கு மேலிருந்த படிக்கும் விளக்கைப் போட்டார். மேற்பார்வையாளர் அதை உடனே அணைத்தார்.

"இரவு நேரத்துல படிக்கிற விளக்குக்குப் படிவம் ஐந்து."

"சரி, அதைக் கொடுங்க."

கொடுத்தார். அதையும் இருட்டில் எழுத முடியவில்லை. படிவம் ஐந்தை எழுத எங்கே வெளிச்சம் கிடைக்கும் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "கழிவறை எங்க துறைக்குக் கீழ வராது. அங்க எப்பவும் பகல்தான்," என்றார்.

போனோம். அங்கே ஏற்கெனவே ஏழு பேர் கையில் காகிதத்தோடு வரிசையில் நின்றார்கள். ஒருத்தர்கூட அந்த இடத்துக்குரிய காரியத்துக்காக நிற்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் பேரனுக்கு, நடந்தால் குதிகாலில் விளக்கு மின்னும் செருப்பு. அதற்கு உறை போடாமல் நடந்தானாம், விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அடுத்தவர் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் பாலைவனக் காட்சி வந்துவிட்டது. இருட்டுக் காட்சி வரும்வரை படத்தை ஓட்டிவிட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

"ஓட்டிப் பாத்தேங்க," என்றார் அவர் சோகமாக. "படம் முழுக்கப் பாலைவனம்தான்."

எழுதி முடித்துத் திரும்பியபோது மணி பதினொன்று நாற்பத்தெட்டு. மேற்பார்வையாளர் படிவத்தைக் கருவியின் பச்சை வெளிச்சத்தில் படித்தார்.

"வரிசை ஒப்புதல் வேணும். மூணு சீட்டும் சம்மதிக்கணும்."

"எனக்குச் சம்மதம்," என்றேன்.

"அவரு?" என்று வலப்பக்கத்து மனிதரைக் காட்டினார். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

"எழுப்பிக் கேக்கட்டுமா?"

"ஐயையோ! தூங்கறவங்க தூக்கத்தைக் காப்பாத்தத்தானே இந்த ஏற்பாடு முழுக்க. எழுப்பினா அபராதம்."

"அப்ப எப்படித்தான் சம்மதம் வாங்கறது?"

"அவரா எழுந்திருக்கணும். யாரும் கேக்காமலே, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும். அப்படி நடந்தா நிச்சயமா செல்லும்."

நடந்திருக்கிறதா என்று கேட்டேன். விதியில் இடம் இருக்கிறது, அதுதான் முக்கியம் என்றார். அதற்குமேல் என் பொறுமை போய்விட்டது. குரலை உயர்த்தினேன். சுற்றியிருந்த நாலு வரிசைக்காரர்கள் கண்மறைப்பைத் தூக்கிவிட்டு "உஸ்" என்றார்கள். மேற்பார்வையாளர் முகம் மலர்ந்தது.

"தகராறுன்னு பதிவாயிடுச்சு. இனி குழுவுக்குப் போகலாம். குழுவுக்கு வரிசை ஒப்புதல் தேவையில்ல. இதை நீங்க முன்னாடியே செஞ்சிருக்கலாம்."

குழு, சாப்பாடு சூடாக்கும் இடத்தில் திரைக்குப் பின்னால் கூடியது. மேற்பார்வையாளர் ஒருவர். பயணிகள் பிரதிநிதியாக, கழுத்துத் தலையணையை மாலை போல் அணிந்த ஓர் அம்மாள். நானூற்றுப் பன்னிரண்டு முறை பறந்தும் ஒருதரம்கூட வெளியே எட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் அவருடைய தகுதி. மூன்றாமவர் தலைமை வெளிச்ச ஆலோசகர். அவர் முன் கேபினில் இருந்தபடி சுவரிலிருந்த பேசும் கருவி வழியாகக் கலந்துகொண்டார். மணி பன்னிரண்டு இரண்டு.

கண்ணாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தம்பி, கண்ணாடி, இரண்டு நூல் எல்லாவற்றையும் சொன்னார். "ஒன்பது வருஷம் ஆச்சுங்க. எனக்கும் அறுபத்தொண்ணு ஆகுது. நாலு நிமிஷம் போதும்."

பிரதிநிதி அம்மாளின் மனம் இளகியது போலத்தான் தெரிந்தது. "பாவமாத்தான் இருக்கு. ஆனா அவரு தம்பியைப் பாக்கணும்னா கீழ இறங்கிப் பாக்கலாமே. பறக்கும்போது எதுக்குப் பாக்கணும்?"

"பாத்தேன்னு சும்மா சொல்லிட்டா என்ன?" என்று யோசனை சொன்னார் மேற்பார்வையாளர்.

"எத்தனை தடவைன்னு கேப்பானே சார்."

"ஒரு எண்ணைச் சொல்லுங்க."

"சார், ரெண்டு நூலுக்கு ஒன்பது வருஷம் பேசாதவன் சார் அவன்."

பேசும் கருவி கரகரத்தது. ஆலோசகர் பேச ஆரம்பித்தார். சாவகாசமான குரல், இடையிடையே கரண்டி தட்டில் படும் சத்தம்.

"நான் வெளிச்சத்துக்கு எதிரி இல்ல. சொல்லப்போனா என் ஜன்னல் திறந்துதான் இருக்கு. முன் கேபின்ங்கறது அலுவலகம். இருட்டுல உக்காந்துக்கிட்டு இருட்டை நிர்வாகம் பண்ண முடியுமா? ஆனா பின்னாடி இருக்கறவங்களுக்கு எது தேவை? ஓய்வு. தூக்கம் வரலைன்னு சிலர் சொல்றாங்க. நாங்க தூக்கத்துக்கு உத்தரவாதம் குடுக்கல. தூங்கற மாதிரி இருக்கறதுக்குத்தான் உத்தரவாதம் குடுக்கறோம். முன்னூறு பேர் கண்ணை மூடிக்கிட்டிருந்தா எத்தனை பேர் தண்ணி கேப்பாங்க? நினைச்சுப் பாருங்க."

மேற்பார்வையாளர் கண் மூடித் தலையாட்டினார். மணி பன்னிரண்டு ஏழு.

"சார், நேரமாகுது," என்றார் கண்ணாடிக்காரர்.

"நேரத்தை அறிவிக்க வேண்டியது நாங்க," என்றது கருவி. "இன்னிக்கு ஒருத்தர் தம்பியைப் பாக்கணும்பார். நாளைக்கு இன்னொருத்தர் மேகத்தைப் பாக்கணும்பார். அப்புறம் எல்லாரும் வெளிய பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. பாத்தா பகல்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சிட்டா நாங்க அறிவிச்ச இரவோட கதி என்ன? சூரியன் வெளிய இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு நம்ம கால அட்டவணை தெரியாது. தெரியாத ஒண்ணைப் பாத்து நாம ஏன் நடக்கணும்? ஒழுங்குன்னா..."

கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"ஆ! என்னது இது! கண்ணு... கண்ணுல அடிக்குது!"

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். அவர் கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு பத்து.

"மறுபடியும்! கீழேர்ந்து எவனோ... ஐயோ, மறுபடியும்! யாருய்யா அது! மூடு, மூடு இதை!"

படக்கென்று ஒரு ஷட்டர் விழும் சத்தம். ஏழு விநாடியெல்லாம் ஆகவில்லை.

"என் தம்பி சார்!" என்று கத்திக்கொண்டு கண்ணாடிக்காரர் திரையை விலக்கினார். மேற்பார்வையாளர் குறுக்கே கையை நீட்டினார். விசாரணை முடியாமல் விண்ணப்பதாரர் வெளியேறக்கூடாது என்று விதி இருந்தது. நான் அந்தக் கையைத் தட்டிவிடப் பார்த்தேன். பிரதிநிதி அம்மாள் கழுத்துத் தலையணையைக் கழற்றி என்னைத் தடுத்தார். கண்ணாடிக்காரர் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். பன்னிரண்டு பதினொன்று. பன்னிரண்டு பதினாலு. விமானம் தம்பியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குக் குழு அவருடைய கோரிக்கையைக் கனிவோடு ஏற்றுக்கொண்டது. இரண்டு விரல் உயரம், இரண்டு நிமிஷம். மேற்பார்வையாளரே வந்து சீலை உரித்து, விரலை வைத்து அளந்து திறந்துவிட்டார். கண்ணாடிக்காரர் குனிந்து அந்த இடுக்கு வழியே பார்த்தார். கடல். வெறும் கடல். இரண்டு நிமிஷமும் அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவரே ஷட்டரை மெதுவாக, ஏழு எண்ணி, இறக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் இலேசில் அழுகிறவன் இல்லை.

"எத்தனை தடவை கத்தினாரு சார் அந்த ஆலோசகர்?" என்றார். "ரெண்டா மூணா? நீங்க எண்ணினீங்களா? எனக்கு அந்த நேரத்துல காதே அடைச்சிடுச்சு."

எனக்கும் சரியாக நினைவில்லை. நினைவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு மணிக்கு மேற்பார்வையாளர் இன்னொரு படிவத்தோடு வந்து, "இதுக்கு யார் பொறுப்பு?" என்று வரிசை வரிசையாக விசாரித்தார். ஆலோசகருக்குக் கண்ணில் உறுத்தல், துறையே கொதித்துப்போயிருந்தது. *அத்துமீறிய வெளிச்சம் பற்றிய புகார், படிவம் பதினொன்று.* நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று. அடியில் பொடி எழுத்தில், யாருக்கு எந்தத் தாள் என்று அச்சிட்டிருந்தது. வெள்ளை நிறுவனத்துக்கு. இளஞ்சிவப்பு துறைக்கு. மஞ்சள் குற்றவாளிக்கு. புகாரின் நடுவில், ஆலோசகரின் கோபமான கையெழுத்தில்: *நண்பகல் 12.10. இடப்பக்கம், கீழே, தீவு போன்ற ஒன்றிலிருந்து. தீய நோக்கத்துடன். மூன்று முறை.*

நான் கண்ணாடிக்காரரின் விலாவில் இடித்தேன். "பெரியவரே, எண்ணிக்கை அதுல இருக்கு. குற்றவாளியா இருந்தா நகல் கிடைக்கும்."

அவருக்குப் புரிய ஒரு விநாடிதான் ஆனது. கையைத் தூக்கினார். அப்படி ஒரு சந்தோஷத்தோடு குற்றத்தை ஒப்புக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

"நான்தான் சார்! என் தம்பி, என் கண்ணாடி, எல்லாம் என்னால வந்தது. எழுதிக்குங்க!"

"உள்நோக்கம்?"

"இருக்கு சார், நிறைய இருக்கு! எல்லாத்தையும் போட்டுக்குங்க. மஞ்சள் தாளை மட்டும் குடுத்துடுங்க."

தண்டனையும் அங்கேயே எழுதப்பட்டது. ஓராண்டுக்கு ஜன்னலோர சீட்டு கிடையாது. அவர் மஞ்சள் தாளை நாலாக மடித்து, துண்டுச் சீட்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே நிஜமான சூரியன் மறைந்து நெடுநேரம் ஆனபின், இரவு எட்டு மணிக்கு, கூரை விளக்குகள் ரோஜா நிறமாகி அதிகாரபூர்வமாக விடிந்தது. "காலை வணக்கம். மறைப்புகளைத் திறந்து சூரியனை வரவேற்கவும்." எல்லோரும் திறந்தார்கள். கும்மிருட்டு. ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் வலப்பக்கத்து மனிதர் கண் விழித்தார். எங்களைப் பார்த்து, "ஜன்னலைத் திறக்கணும்னா திறந்துக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார்.

இறங்கிய இடத்தில், வெளிவாசலில் தம்பி மகள் காத்திருந்தாள். பெரியப்பாவைக் கட்டிக்கொண்டதும் முதல் கேள்வி, "பாத்தீங்களா? எத்தனை?"

அவர் மஞ்சள் தாளைக் கொடுத்தார். நான்தான் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை விட்டுவிட்டுப் போனில் தாளைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். கீழே, 'பெரியப்பாவை ஜன்னல் திறக்க விடலை. வேற ஒருத்தர் எண்ணி எழுதினது இது' என்று சேர்த்தாள். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் பெட்டி, சாமான் வரும் சுழல் பட்டையில் எத்தனை சுற்றுச் சுற்றியதோ தெரியாது, அதை எடுக்காமலே நான் வெளியே வந்திருந்தேன்.

பதில் வந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'மூணு இல்ல. நாலு.'"

கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நாலாவதுக்கு முன்னால மூடிட்டான் பாவி," என்றார் என்னிடம். "போச்சு சார்."

"இருங்க பெரியப்பா, இன்னும் வருது." அவள் குரல் மாறியது. "'எண்ணினவன் கண்ணாடிக்காரன் இல்ல. அண்ணன் பாத்திருந்தா சரியா எண்ணியிருப்பான்.'"

அவர் வெட்டுக் கோடுகள் நிறைந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததும் கையை நீட்டினார்.

"போன் போடும்மா அவனுக்கு."

ஒரே மணியில் எடுத்தான். நலமா, சாப்பிட்டாயா எதுவும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்தே இரண்டு பேரும் தொடங்கினார்கள். "நான் அளந்தது சரிதாண்டா... எது? ரெண்டு நூலா? நீ கட்டரை வெளிக்கோட்டுல வச்சு இழுத்தே, அதான்... என் கண்ணால பாத்தேன்டா!" போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சைகை செய்தேன், ஏனென்றால் கத்திக்கொண்டிருந்த மனிதரின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

மறுமுனை ஏதோ உரக்கச் சொன்னது எனக்கே கேட்டது. "கண்ணாடி இங்கதானே இருக்கு? நேர்ல வா, அளந்து பாத்துடலாம்!"

"வர்றேன்டா!" என்றார் அண்ணன். "எனக்கென்ன பயமா? விமானத்துல ஜன்னல் சீட்டு தர மாட்டாங்களாம். படகுல வர்றேன். நீ அளக்கற டேப்பை எடுத்து வை."